இரண்டு ஆட்டத்தில் ஒரு கார்னரை எடைபோடலாமா?

கபடியில் கைதட்டல் பெரும்பாலும் பாடிப் போகிறவருக்கே கிடைக்கிறது. எதிரணிக் களத்துக்குள் தனி ஆளாக நுழைந்து, மூச்சு விடாமல் பாடி, ஏழு பேரையும் ஏய்த்துவிட்டு அவர் திரும்பி வருவதைப் பார்த்தால் யாருக்கும் கை தானாகத் தட்டும். அவரை இப்போது ரைடர் என்கிறோம். இக்கட்டுரை அவரைப் பற்றியது அன்று. அந்த ஏழு பேரின் வரிசையில் இரு முனைகளிலும் நிற்கிறார்களே, அந்த இருவரைப் பற்றியது. அவர்களுக்குக் கார்னர் என்று பெயர். பதினெட்டு, பத்தொன்பது வயதில், பெரிய ஆட்டம் எதிலும் ஆடிப் பழகாமல், முதன்முதலாக அந்த முனையில் நிறுத்தப்படுகிற ஒரு பையனிடம் நாம் எதை எதிர்பார்க்கலாம்?

ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கம் இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. பொங்கலை ஒட்டி ஊருக்கு ஊர் போட்டி நடக்கிறது. தென்னந்தோப்பு ஓரத்தில் மண்ணைக் கொத்திச் சமன் செய்து, நான்கு மூலையிலும் விளக்குக் கட்டி, விடிய விடிய ஆடுகிறார்கள். இரண்டு ஆட்டம் முடிவதற்குள் ஊர் தீர்ப்புச் சொல்லிவிடும். "இவன் இந்தியாவுக்கே ஆடுவான் பாருங்க" என்று ஒருவனைப் பற்றி. "இவனெல்லாம் தேறமாட்டான்" என்று இன்னொருவனைப் பற்றி. முதல் பையன் பிளஸ் டூ புத்தகத்தை மூட்டை கட்டி வைக்கிறான். இரண்டாமவன் மறுநாளிலிருந்து மைதானத்துப் பக்கமே வருவதில்லை. இரண்டும் ஒரே தவற்றின் இரண்டு முகங்கள் என்பது என் கருத்து. அது எப்படி என்று காட்டப் பள்ளியில் படிக்கிற இயற்பியலும் கொஞ்சம் நிகழ்தகவுக் கணக்குமே போதும்.

முதலில் கார்னரின் வேலை என்ன என்று பார்ப்போம். ஆண்கள் ஆடும் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டுக்கு இப்புறம் ஓர் அணிக்கு உள்ள இடம் ஆறரை மீட்டர். ரைடர் உள்ளே வந்து, கையாலோ காலாலோ யாரையாவது தொட்டுவிட்டு நடுக்கோட்டைத் தாண்டித் திரும்ப வேண்டும். அவருக்குக் கிடைக்கும் நேரம் முப்பது விநாடி. வரிசையின் முனையில் நிற்கும் கார்னர், அவர் காலை நீட்டி இழுக்கும் நொடியில் பாய்ந்து கணுக்காலைப் பற்ற வேண்டும்.

ஏன் கணுக்கால்? நேருக்கு நேர் நின்று ஓர் ஆளைத் தடுப்பதற்கு ஆகும் விசையைக் கணக்கிட்டுப் பாருங்கள். 75 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வருகிறார். அவருடைய உந்தம் 225 கிலோகிராம் மீட்டர்/விநாடி. கால் விநாடி நேரத்தில் அந்த உந்தத்தைச் சுழியாக்க 900 நியூட்டன் விசை வேண்டும். கிட்டத்தட்ட 92 கிலோ மூட்டையைத் தாங்கி நிற்பதற்குச் சமம். பயில்வான்கள் செய்யட்டும். கணுக்காலைப் பிடிப்பவர் இந்தக் கணக்குக்குள்ளேயே போவதில்லை. ஓடுகிறவரின் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் இருக்கிறது. அதைத் தாங்கும் அடித்தளம் பாதம். பாதத்தை மட்டும் தரையோடு நிறுத்திவிட்டால், மேலுடம்பு நிலைமத்தால் முன்னே போய்க்கொண்டே இருக்கும். ஈர்ப்பு மையம் அடித்தளத்தைத் தாண்டிய நொடியில் ஆள் தானாகவே சாய்கிறார். மெலிந்த பையன் ஒருவன் தன்னைவிடக் கனமான ரைடரைச் சாய்ப்பதன் இரகசியம் இதுதான்.

சொல்வதற்கு எளிது. ஆனால் நேரம்? நண்பரிடம் 30 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்றைக் கொடுத்துச் செங்குத்தாகப் பிடிக்கச் சொல்லுங்கள். அதன் சுழிக் குறிக்கு அருகே உங்கள் விரல்களை விரித்து வைத்திருங்கள். அவர் சொல்லாமல் விட வேண்டும். நீங்கள் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் 20 சென்டிமீட்டர் அளவில் பிடிப்பார்கள். தடையின்றி விழும் பொருள் 20 சென்டிமீட்டர் விழ ஆகும் காலம் 0.2 விநாடி. கண்ணால் கண்டு கையை அசைக்க நமக்கு ஆகும் காலம் அவ்வளவு. ரைடர் விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் காலைப் பின்னே இழுக்கிறார் என்று கொண்டால், அந்த 0.2 விநாடியில் கால் 80 சென்டிமீட்டர் போய்விடும். கால் நீள்வதைப் பார்த்துவிட்டுப் பாய்கிற கார்னருக்கு மண்தான் மிஞ்சும்.

ஆகவே நல்ல கார்னர் காலைப் பார்த்துப் பாய்வதில்லை. தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தக் காலில் எடை இறங்குகிறது, இடுப்பு எப்போது திரும்புகிறது என்பவற்றைப் பார்த்து, கால் நீள்வதற்கு முன்பே அது எங்கே வரும் என்று ஊகித்துக் கிளம்புகிறார். இந்த ஊகம் பிறவியில் வருவதன்று. நூற்றுக்கணக்கான ரைடர்களைக் கண்டு, பலமுறை ஏமாந்து, அதன் பிறகு வருவது. இதற்குச் சான்றாக நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரே இருக்கிறார். தஞ்சை மாவட்டம் திருச்சனம்பூண்டியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன், கார்னரில் நின்று கணுக்கால் பிடிக்குப் பேர்போனவர். 1975-ல் பிறந்தவர். 2016-ல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிப் புரோ கபடிக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு அகமதாபாதில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 2019-ல் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்குத் தலைவராகக் களமிறங்கியபோது அவருக்கு வயது 44. எதிரே பாடி வந்தவர்களில் பலர் அவர் வயதில் பாதிகூட இல்லாதவர்கள். ஸ்கேல் சோதனை வைத்திருந்தால் அந்தப் பையன்கள் அவரை எளிதில் வென்றிருக்கக்கூடும். கணுக்காலைப் பிடிப்பது வேறு சோதனை.

இதிலிருந்து முதல் முடிவு கிடைக்கிறது. இளம் கார்னர் தொடக்கத்தில் ஏமாறுவான். ஏமாறாமல் அந்த வித்தையைக் கற்க வழியில்லை. ஏமாந்தான் என்பதற்காக அவனை வெளியே உட்கார வைப்பது, நீச்சல் தெரியும் வரை தண்ணீரில் இறங்காதே என்று சொல்வது போலத்தான்.

இரண்டாவது சங்கதி எண்களைப் பற்றியது. எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது.

ஒரு பையனின் உண்மையான திறன், இரண்டு முயற்சிக்கு ஒன்று வெற்றி என்று வைத்துக்கொள்வோம். அது நல்ல திறன்தான். ஓர் ஆட்டத்தில் அவன் நான்கு முறை பாய்கிறான். இரண்டு ஆட்டத்தில் எட்டு முறை. நான்கு வெற்றி வர வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். நடப்பது என்ன? நாணயம் ஒன்றை எட்டு முறை சுண்டிப் பாருங்கள். எட்டுச் சுண்டலில் வரக்கூடிய வரிசைகள் மொத்தம் 256. அவற்றில் தலை ஒன்றுகூட விழாதது 1; ஒரே ஒரு தலை விழுவது 8; இரண்டு தலை விழுவது 28. கூட்டினால் 37. அஃதாவது, எட்டில் இரண்டோ அதற்குக் குறைவாகவோ விழ ஏறக்குறைய ஏழில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆறோ அதற்கு மேலோ விழவும் அதே வாய்ப்பு.

இதன் பொருளைக் கவனியுங்கள். ஒரே அளவு திறனுள்ள பதினான்கு பையன்களை இரண்டிரண்டு ஆட்டம் ஆட விட்டால், சுமார் இரண்டு பேர் சூரர்களாகத் தெரிவார்கள். இரண்டு பேர் உதவாக்கரைகளாகத் தெரிவார்கள். திறனில் வேறுபாடு எள்ளளவும் கிடையாது! மேடையில் ஒலிபெருக்கி பிடித்து வருணனை சொல்கிறவருக்கு இது தெரியாது. பாவம், அந்தப் பையன்களுக்கும் தெரியாது.

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இதை நாங்கள் வேறு உருவத்தில் தினமும் சந்திக்கிறோம். கைகர் எண்ணியைக் கதிரியக்கப் பொருளின் அருகே வைத்து எண்ணினால், ஒரு நிமிடத்தில் சராசரியாக 100 துடிப்பு வரும் இடத்தில் சில நிமிடம் 90 வரும், சில நிமிடம் 110 வரும். கருவியும் பழுதில்லை, பொருளும் மாறவில்லை. எண்ணிக்கையின் வர்க்க மூலம் அளவுக்குத் தற்செயல் ஆட்டம் இருந்தே தீரும். 100-க்குப் பத்து, அது நூற்றில் பத்துப் பங்கு. ஆனால் எண்ணிக்கை வெறும் ஒன்பதாக இருந்தால் ஆட்டம் மூன்று. அது மூன்றில் ஒரு பங்கு! குறைவாக எண்ணினால் தற்செயல் பெரிதாகத் தெரியும். எந்த மாணவனாவது ஒரே நிமிடம் எண்ணிவிட்டு முடிவு எழுதினால் அந்த ஏட்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. கபடித் திடலில் மட்டும் ஏன் போட வேண்டும்?

அமெரிக்கர்கள் ஆடும் கால்பந்திலும் நம் கார்னர் போன்ற ஒருவர் உண்டு. (நம் கால்பந்து வேறு, அங்கே தலைக்கவசம் அணிந்து, பந்தைக் கையில் ஏந்தி மோதிக்கொள்வார்கள்.) தடுப்பு வரிசையின் முனையில் நின்று, எதிரணியில் பந்தை எறியப் போகிறவரை எறிவதற்குமுன் சாய்ப்பது அவர் வேலை. அப்படிச் சாய்ப்பதை ஒவ்வொருவர் பெயரிலும் 1982 முதல் அதிகாரப்பூர்வமாகக் கணக்கு வைக்கிறார்கள். ஓர் ஆண்டு முழுக்க ஆடிப் பத்து முறை சாய்த்தால் அவர் பெரிய ஆட்டக்காரர். பத்தின் வர்க்க மூலம் மூன்றுக்குச் சற்று மேல். ஆகவே அதே ஆள், அதே திறனோடு, அடுத்த ஆண்டு ஏழு என்றும் முடிக்கலாம், பதின்மூன்று என்றும் முடிக்கலாம். கல்லூரியிலிருந்து புதிதாக வரும் இளைஞரிடம் முதல் ஆண்டிலேயே பத்து கேட்டு நெருக்குவது அங்கும் உண்டு. பணம் பெருத்த நாட்டிலும் வர்க்க மூலம் மாறுவதில்லை.

நம் ஊர் அணிக்கே வருவோம். தமிழ் தலைவாஸ் 2017-ல் புரோ கபடியில் சேர்ந்தது. முதல் மூன்று பருவங்களும் பட்டியலின் அடியிலேயே கழிந்தன. அந்த மூன்றாவது பருவமான 2019-ல் ஹரியானாவிலிருந்து சாகர் என்ற இளம் வலது கார்னர் வந்தார். அவ்வாண்டு அவர் களத்தில் இறங்கிய ஆட்டங்கள் மிகச் சில. அதை மட்டும் வைத்து எடைபோட்டிருந்தால், வந்த வழியே அனுப்பியிருக்கலாம். அணி அவரை வைத்துக்கொண்டது. 2021 டிசம்பரில் தொடங்கி, பெங்களூரில் பார்வையாளர் இல்லாமல் நடந்த அடுத்த பருவத்தில் அவர் 82 கேட்ச் புள்ளிகள் எடுத்து, பிடிப்பவர்கள் பட்டியலில் முன்வரிசைக்கு வந்தார். 2022 அக்டோபரில், பெரும் விலை கொடுத்து வாங்கிய அணித் தலைவர் பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டு வெளியேற, தலைமைப் பொறுப்பு இந்தக் கார்னரிடம் வந்தது. அந்த ஆண்டுதான் தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது.

இதைக் கேட்டவுடன், "அப்படியானால் பொறுத்திருந்தால் எல்லாப் பையன்களும் சாகர் ஆகிவிடுவார்கள்" என்று எண்ணிவிடக் கூடாது. பொறுத்திருந்தும் தேறாதவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நான் சொல்வது, தேறுவாரா இல்லையா என்பதைச் சொல்லக்கூடிய அளவுக்காவது எண்ணுங்கள் என்பதே.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. முதல் பருவத்திலேயே கொடி நாட்டியவர்களைப் பாருங்கள். 2022-ல் ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸ் அணியின் இடது கார்னர் அங்குஷ், புரோ கபடியில் தம் முதல் பருவத்திலேயே 89 கேட்ச் புள்ளி எடுத்தார். அவ்வணி கோப்பையையும் வென்றது. அடுத்த பருவத்தில் அவரால் 89-ஐ எட்ட முடியவில்லை. 2018-ல் யு.பி. யோதா அணியின் நிதேஷ் குமார் ஒரே பருவத்தில் 100 கேட்ச் புள்ளி எடுத்தார். அதற்குமுன் எவரும் அதை எட்டியதில்லை. அடுத்து வந்த பருவங்களில் அவராலும் மறுபடி நூறு எடுக்க முடியவில்லை. ஈரானின் முகமதுரெசா ஷாட்லூயி 2023-24 பருவத்தில் புனேரி பல்தானுக்காக 99 வரை வந்து நின்றார். நிதேஷ் 2024-ல் தமிழ் தலைவாஸ் அணிக்கு வந்து, அந்தப் பருவத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரராகத் தேர்வானபோது எடுத்த புள்ளி 77.

நூறிலிருந்து எழுபத்தேழு என்றால் ஆள் மங்கிவிட்டார் என்று பொருளா? இல்லை. உச்சத்தில் வந்து நிற்கும் எந்த எண்ணிலும் திறன் பாதி என்றால் நல்ல நேரமும் சிறிது கலந்திருக்கும். அடுத்த முறை திறன் அப்படியே இருக்கும். நல்ல நேரம் இருக்குமென்று உறுதி இல்லை. எனவே எண் சராசரியை நோக்கி இறங்கும். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகவே இருந்தாலும் பெற்றோர் அளவுக்கு இருப்பதில்லை என்பதை அளந்து, 1886-ல் பிரான்சிஸ் கால்ட்டன் இந்த உண்மையை வெளியிட்டார். அடியில் இருப்பவை ஏறுவதற்கும் இதுவே காரணம்.

பயிற்சியாளர்கள் இதைத் தெரிந்துகொண்டால் பிள்ளைகளுக்குத் திட்டு குறையும். உளவியல் அறிஞர் டேனியல் கானெமன், இஸ்ரேலில் விமானப் பயிற்சி ஆசிரியர்களிடம் பேசியபோது நடந்ததை எழுதியிருக்கிறார். நன்றாகப் பறந்த மாணவனைப் பாராட்டினால் அடுத்த முறை மோசமாகப் பறக்கிறான். மோசமாகப் பறந்தவனைத் திட்டினால் அடுத்த முறை நன்றாகப் பறக்கிறான். ஆகவே திட்டுதான் பலன் தருகிறது என்று ஓர் ஆசிரியர் வாதிட்டாராம். திட்டாமல் விட்டிருந்தாலும் அவன் சராசரிக்கு ஏறித்தான் இருப்பான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. நம் ஊர்த் திடல்களில் இடைவேளையின்போது காதில் விழும் வசவுகளில் பாதி இந்த வகைதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கார்னரின் வேலை முழுவதும் புள்ளிக் கணக்கில் ஏறுவதில்லை. முனையில் ஒருவர் கால் ஊன்றி நிற்பதைப் பார்த்து, அந்தப் பக்கம் போகாமலே ரைடர் வெறுங்கையோடு திரும்புகிறார். அடுத்தடுத்து இரண்டு முறை இப்படி வெறுமனே திரும்பினால், மூன்றாவது முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும். இல்லையேல் பாடிப் போனவர் வெளியேற வேண்டும். அந்த நெருக்கடியை உண்டாக்கிய கார்னர் பெயரில் ஒன்றும் எழுதப்படுவதில்லை. கணுக்காலை ஒருவர் பற்ற, கவர் நிலையில் நிற்பவர் ஓடி வந்து மேலே விழுந்து முடித்தாலும் புள்ளி ஒருவர் பெயரில்தான் ஏறும். சாகர் 82 எடுத்த அதே பருவத்தில் தலைவாஸ் பன்னிரண்டு அணிகளில் பதினோராவதாக முடித்தது என்பதையும் மறக்க வேண்டாம். சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் தராசில் வைத்தால் சங்கிலியின் வலு தெரியாது.

எங்கள் பக்கத்துப் பையன்களுக்குக் கூடுதலாக ஒரு தடை இருக்கிறது. அவர்கள் ஆடிப் பழகுவது மண்ணில், வெறுங்காலோடு. பெரிய போட்டிகள் நடப்பது விரிப்பின் மேல், காலணியோடு. உராய்வுக் குணகம் மாறுகிறது. மண்ணில் வழுக்கித் திரும்பும் ரைடர், விரிப்பில் நின்ற இடத்தில் சடக்கென்று திரும்புவார். பல ஆண்டுகள் சேர்த்து வைத்த ஊகமெல்லாம் அங்கே ஓர் அடி பிசகும். தேர்வுக்கு அழைத்துப் போய் முதல் நாளே விரிப்பில் நிறுத்தி, அரை மணி நேரத்தில் முடிவு சொல்லி அனுப்புவது அநியாயம். வட்டத்துக்கு ஒரு பள்ளியிலாவது விரிப்பு போட்டுக் கொடுத்தால் என்ன செலவாகிவிடும்? கோப்பைக்கும் பரிசுப் பணத்துக்கும் நன்கொடை தரும் பெரியவர்கள் இதையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

2024 வரை ஒரு லீக் பருவத்தில் ஓர் அணிக்கு 22 ஆட்டம் வரை வந்ததுண்டு. கார்னர் ஒருவர் ஆட்டத்துக்கு நான்கைந்து முறை பாய்ந்தால் பருவ முடிவில் சுமார் நூறு முயற்சி சேரும். நூறு முயற்சியில்கூட, பாதி வெற்றி பெறுபவரின் கணக்கு ஐந்து பங்கு மேலோ கீழோ ஆடும். ஐம்பது பங்குக்காரரையும் அறுபது பங்குக்காரரையும் ஓரளவு நம்பிக்கையோடு பிரித்துச் சொல்ல முழுதாக ஒரு பருவம் ஆகிறது என்றால், இரண்டு ஆட்டத் தீர்ப்புக்கு என்ன மதிப்பு? புதிய கார்னரை எடுக்கும் அணி, ஒரு முழுப் பருவமாவது அவரை ஆட விட வேண்டும். அதற்கு மனமில்லாத அணி அவரை எடுக்கவே வேண்டாம். பள்ளி அணிக்கும் இதே பேச்சுத்தான். ஒரு கோப்பை வென்றதை நம்பிப் படிப்பை நிறுத்த வரும் பையனிடம், பெற்றோர் நாணயக் கணக்கைக் காட்டட்டும். பாடம் படித்துக்கொண்டே இன்னும் இரண்டு ஆண்டு ஆடலாம், எண்ணிக்கையும் சேரும்.

உங்கள் பள்ளியிலோ ஊரிலோ புதிதாக ஒரு பையனோ பெண்ணோ கார்னரில் நிற்கிறார்களா? நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். மூன்று பத்தி போதும்: எத்தனை முறை பாய்ந்தார், எத்தனை முறை பிடித்தார், அவர் பக்கம் வந்த ரைடர் எத்தனை முறை வெறுமனே திரும்பினார். மண்ணா, விரிப்பா என்பதை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பொங்கல் போட்டியில் ஐந்து ஆட்டம் ஆடினால் இருபது முயற்சி சேரும். சராசரியின் பிழை அதில் பாதியாகக் குறைய எண்பது முயற்சி வேண்டும். எனவே நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாமல் அடுத்த பொங்கலுக்கும் எடுத்து வாருங்கள்.